மாதவிலக்குக்கு முந்தைய வாரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலை எடை போட்டுக் கணக்கு எழுதுகிறேன். மாதத்தில் மூன்று வாரம் ஒரு கிலோகூடத் தப்பாது, ஆனால் மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வந்துவிட்டால் வாய் 23 என்று சொல்லும், கை 32 என்று எழுதும், வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் நினைவு வரும். சின்ன வயதிலிருந்தே கவனமில்லாதவள் என்று பேர். அது ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் சிதறும், மூளை வளர்ச்சி சார்ந்த குறைபாடு) என்று தெரிந்தபோது எனக்கு வயது 41.

கவனத்துக்கு உதவும் டோபமைன் என்ற ரசாயனம் மூளையில் சரியாக வேலை செய்ய, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் துணை நிற்கிறது. மாதவிலக்கு நெருங்கும்போதும், நாற்பதுகளில் அது நிற்கப் போகும் காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் இறங்குவதால், ஏற்கெனவே ஏடிஹெச்டி உள்ள பல பெண்களுக்குக் கவனம் இன்னும் சிதறுகிறது. அப்புறம் தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இதே மாதிரி மந்தத்தைக் கொடுக்கும், அதனால் ரத்தப் பரிசோதனையும் அவசியம்.

2021 முதல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், ரொம்ப நல்ல விஷயம். அதோடு, 'மாதத்தில் எந்த நாட்களில் மறதி கூடுகிறது?' என்றும் பெண்களிடம் கேட்கச் சொல்லி நீங்கள் எழுத வேண்டும்.

ஒரு வாசகி,
கோத்தகிரி