நம் இண்டி ராக் சங்கத்தின் ஆண்டறிக்கை: ஆல்பம், கேசட், அப்புறம் அந்த நேரடிப் பதிவுகள்

தலைவர் அண்ணாச்சிக்கும், வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், டீயைக் குடித்துவிட்டு நழுவலாம் என்று வந்து முன்வரிசையில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் செயலாளரின் வணக்கம்.

கூட்டங்கள் வழக்கம்போல மாதக் கடைசி ஞாயிறு, முருகன்குறிச்சி மாடியில், கரண்ட் இருந்த வரைக்கும் நடந்தன. ஆள் பெரிதாகக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன தம்பிகள் சந்தாவை ஜிபேயில் போட்டுவிடுகிறார்கள். அவர்களை உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடவே கூடாது, மூர் மார்க்கெட் பக்கம் போய்ப் பழைய எல்பி இசைத்தட்டு அடுக்கில் தூசி தட்ட நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

ஆல்பம் வரவில் அதிகம் பேசப்பட்டது மேலப்பாளையம் பாய் வீட்டு டிரங்குப் பெட்டிதான். அவர் மாமா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த கேசட் பாதி, இங்கேயே வாங்கியது பாதி. அதில் மேக்னாசவுண்ட் கம்பெனி நம் நாட்டில் வெளியிட்ட, ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவின் கேசட் ஒன்று, உள்அட்டை மடிப்புகூடக் கலையாமல் இருந்தது. உடனே பழைய சண்டை தொடங்கியாயிற்று: வார்னர் என்ற பெரிய கம்பெனிக்குப் போன பிறகு ஆர்.இ.எம். போட்டதை இண்டி, அதாவது பெரிய கம்பெனியைச் சாராத இசை, என்ற கணக்கில் சேர்க்கலாமா? 1981-ல் ஹிப்-டோன் என்ற சின்னக் கம்பெனியில் முதல் சிங்கிள் போட்ட அதே நாலு பேர்தானே என்று ஒரு கட்சி, வார்னருக்குப் போன 1988-லேயே கதை முடிந்தது என்று இன்னொரு கட்சி, கடைசியில் டீ ஆறியதுதான் மிச்சம். என்னைக் கேட்டால் கேசட் வந்துவிட்டது, அலமாரியில் இடமும் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நாகர்கோவில் போன தம்பி வாங்கிவந்த அவியல் குழுவின் 2008 ஆல்பத்துக்கு இந்த வழக்கு எதுவும் எழவில்லை, மலையாளத்தில் ராக் என்றதும் இரண்டு கட்சியும் சமாதானமாகி உட்கார்ந்து கேட்டது.

சரி, நேரடிப் பதிவுகளுக்கு, அதாவது கச்சேரி நடக்கும்போதே பிடித்த பதிவுகளுக்கு, வருகிறேன். சங்கத்தின் நேரம் இந்த வருஷம் பெரும்பாலும் இதில்தான் போனது. சித்திரை வாக்கில் வெளியூர் சேகரிப்பாளர் ஒருவர் ஹார்ட் டிஸ்க் நிறையக் கச்சேரிகள் அனுப்பினார், ஒவ்வொன்றின் மேலும் ‘சவுண்ட்போர்டு, மூலக் கேசட்டிலிருந்து நேரடி’ என்று எழுதியிருந்தது. சவுண்ட்போர்டு என்றால் மைக் வைக்காமல் மேடை மிக்ஸரிலிருந்தே வயர் எடுத்துப் பிடித்தது. எவ்வளவு உயரச் சத்தம் வரை பதிவாகியிருக்கிறது என்று காட்டுகிற ஸ்பெக்ட்ரம் படத்தைத் தென்காசி டீச்சர் போட்டுக் காட்டியபோது பாதிக்கு மேல் பொய் என்று தெரிந்தது. சத்தத்தைக் கழித்துச் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3 பெரும்பாலும் 16,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் அறுத்தாற்போல நின்றுவிடும். அதை, எதையும் கழிக்காமல் சேமிக்கிற ஃப்ளாக் ஃபைலாக மாற்றினால் ஃபைல்தான் பெருக்குமே தவிர போன சத்தம் திரும்பி வராது. இதைப் பார்த்ததும் நம் இளவட்டங்கள் அறுப்பு தெரிந்ததையெல்லாம் அழிக்கக் கிளம்பிவிட்டார்கள், டீச்சர்தான் கையைப் பிடித்து நிறுத்தினார். எஃப்எம் ஒலிபரப்பிலிருந்து பிடித்ததும் 15,000 பக்கத்தில்தான் நிற்கும். ஸ்டீரியோவுக்காக நிலையம் அனுப்புகிற 19,000 ஹெர்ட்ஸ் கோடு மேலே மெலிதாகத் தெரிந்தால் அது ரேடியோவிலிருந்து வந்தது, அதில் குற்றமில்லை. அந்தக் கோட்டின் புண்ணியத்தில் சில பதிவுகள் பிழைத்தன.

இதனால்தான் இனி விவரச் சீட்டு இல்லாத பதிவு சேகரிப்பில் ஏறாது என்று ஆடிக் கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். யார் பதிவு செய்தது, எந்த ஊர், எந்தத் தேதி, கூட்டத்துக்குள் பிடித்த மைக்கா மிக்ஸரிலிருந்து எடுத்த வயரா, எந்த மெஷின், எத்தனை காப்பி தாண்டி நம்மிடம் வந்தது, இவ்வளவும் சீட்டில் இருக்கவேண்டும். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் போகப் போக இரைச்சல் ஏறி மேல்சத்தம் தேய்ந்துகொண்டே வரும், அதனால் கடைசிக் கேள்விதான் முக்கியம். இது அதிகக் கெடுபிடி என்று சிலருக்கு வருத்தம். அவர்கள் ஃபுகாஸி என்ற அமெரிக்க ராக் குழுவைப் பார்க்கட்டும். 1987-லிருந்து 2003 வரை சுமார் ஆயிரம் கச்சேரி செய்த குழு. அவர்களுடைய சவுண்ட் ஆட்களே 800-க்கு மேல் பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011-ல் அவற்றை ஒவ்வொன்றாக வெளியிடத் தொடங்கியபோது கச்சேரிக்கு 5 டாலர் என்று வைத்து, முடியாதவர் 1 டாலர் கொடுத்தாலும் போதும் என்றார்கள். தேதி, அரங்கம், வாசல் டிக்கெட் விலை, பதிவு செய்தவர் வரைக்கும் குறித்து வைத்திருக்கிறார்கள். ஊர் ஊராக வேனில் அலைந்தவர்களால் அது முடிந்தது, மாடியில் ஃபேன் போட்டு உட்கார்ந்திருக்கிற நம்மால் முடியாதா?

ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் கதையைத் தலைவர் அண்ணாச்சி ஒரு கூட்டத்தில் சொல்லக் கேட்டு எல்லாரும் சிரித்தோம். 1984 நவம்பரில் ஓக்லஹோமா சிட்டியில் ரசிகர் ஒருவர் திருட்டுத்தனமாகப் பதிவு செய்துகொண்டிருந்த டேப்பைக் குழுவின் ஆள் பிடுங்கிக்கொண்டு வர, அதையே மறு வருஷம் கேசட்டாக மட்டும் அவர்கள் வெளியிட்டுவிட்டார்கள். பாதிப் பாட்டில் நிறுத்துவதும், அடுத்தவர் பாட்டை அரைகுறையாக வாசிப்பதும் எல்லாம் அதில் அப்படியே உண்டு.

பதிவைச் சுத்தம் செய்வது பற்றியும் ஒரு வாக்குவாதம் நடந்தது. இரைச்சலை எடுக்கிற சாஃப்ட்வேர் கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் தேய்த்துவிடக் கூடாது. கைடட் பை வாய்ஸஸ் குழு 1994-ல் வெளியிட்ட ‘பீ தவுசண்ட்’ ஆல்பம் வீட்டு மெஷினில், நாலு டிராக் கேசட்டில் பதிவானது, அந்தக் கரகரப்பைத் துடைத்தால் ஆல்பமே துடைபட்டுப் போகும். வேகத்தை மட்டும் சரிசெய்யலாம் என்று முடிவானது. பேட்டரி இறங்கிய ரெக்கார்டர் மெதுவாக ஓடிப் பதிவு செய்திருந்தால், நல்ல டெக்கில் போடும்போது பாட்டு வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்கும். ஆல்பத்தோடு ஒப்பிட்டுச் சுருதியை இறக்கி, இறக்கியதைச் சீட்டிலும் எழுதிவிட வேண்டும். மூல ஃபைலில் யாரும் கை வைக்கக் கூடாது.

விற்பனை பற்றி இரண்டே வரி. நேரடிப் பதிவைக் காசுக்குக் கொடுப்பவர் சங்கத்தில் இருக்க முடியாது. தபால் செலவும் காலி டிஸ்க்கும் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு மேல் கிடையாது.

புரட்டாசியில் அம்பாசமுத்திரம் பக்கம், முன்பு ரேடியோ செட் வைத்திருந்த பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போனோம். ராக் கேசட் இருப்பதாகத் தகவல். போய்ப் பார்த்தால் எல்லாம் கோயில் கொடைத் திருவிழாக்களில் பதிவான வில்லுப்பாட்டு. சுடலைமாடன் கதை, முத்துப்பட்டன் கதை என்று ராத்திரி முழுக்கப் போகிற பாட்டை ஆம்ப்ளிஃபையரிலிருந்தே வயர் எடுத்துப் பிடித்திருக்கிறார், நம் பாஷையில் சொன்னால் சுத்தமான சவுண்ட்போர்டு. “இண்டி ராக் சங்கத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் என்னவே சம்பந்தம்?” என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவர் குறைப்பட்டார். அவர் அட்டைகளைப் பார்க்கவில்லை. கோயில், வருஷம், பாடியவர், எந்தக் கதை என்று ஒன்று விடாமல் எழுதி, ‘இங்கே கரண்ட் போச்சு, மறுபடி ஆரம்பம்’ என்று நாடா முறிந்த இடத்தைக்கூடக் குறித்திருக்கிறார். நாம் தீர்மானம் போட்டுக் கேட்கிற சீட்டை அவர் யாரும் கேட்காமலே எழுதியிருக்கிறார். பூஞ்சை பிடித்த கேசட்டுகளின் நாடாவைத் துடைத்து, விழுந்த பஞ்சுப் பட்டையை ஒட்டி, புதுக் கேசட் கூட்டுக்கு மாற்றி, டிஜிட்டலாக ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம். மூலக் கேசட் அவர் வீட்டிலேயே இருக்கும். இது செயற்குழு முடிவு, மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லலாம்.

பாதுகாப்பு விஷயம். அக்னி நட்சத்திரத்தில் எல்பியைப் படுக்கப் போட்டு ஒன்றின்மேல் ஒன்று அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள், காரில் விட்டுவிட்டுப் போகவே போகாதீர்கள். சிடியிலும் ஒரு எச்சரிக்கை: இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரிலிருந்த பிடிஓ ஆலையில் 1988 முதல் 1993 வரை அடித்த சில சிடிகள் ஓரத்திலிருந்து பழுப்பேறி வாசிக்காமல் போகின்றன, மேலே பூசிய லேக்கர் சரியில்லாததால், உறையிலிருந்து வந்த கந்தகம் தாக்கிய வினை. அந்தக் காலத்து இங்கிலாந்துச் சிடி வைத்திருப்பவர்கள் உள்வட்டத்தில் ஆலையின் பெயரைப் பார்த்துவிட்டு, இன்றே காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷத்துக்கு ஒரு நல்ல கேசட் டெக் வாங்கவேண்டும், இருப்பது ஒரு பக்கத்தைப் போட்டால் மறு பக்கத்துப் பாட்டும் சேர்ந்து கேட்கிறது. கணக்கைப் பொருளாளர் அண்ணாச்சி வாசிப்பார். இரவல் வாங்கிப்போன எல்பிகளைப் பொங்கலுக்குள் உறையோடு கொண்டுவந்து சேருங்கள், பெயர்களை இங்கே வாசிக்கவில்லை, பட்டியல் என்னிடம் இருக்கிறது.