ஃபயர்வால் மேம்பாடு குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தங்கள் அலுவலகங்களில் நாங்கள் நிறுவிப் பராமரித்துவரும் ஃபயர்வால் பெட்டிகளில் (இணையத்துக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் இடையே நின்று காப்பவை), அவற்றை இயக்கும் பிஎஃப்சென்ஸ் மென்பொருளை 2.8 பதிப்புக்கு உயர்த்தும் பணி பெரும்பாலும் முடிந்துவிட்டது. இதையொட்டித் திருப்பூர் பனியன் தொழில் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவரும் பேச்சு எங்கள் காதுக்கும் எட்டியதால், ஒவ்வொருவரிடமும் தனித்தனியே விளக்குவதைவிட எழுத்தில் தருவதே முறை என்று இம்மடலை அனுப்புகிறோம்.

அப்டேட் போட்டதிலிருந்து கிளவுடில் (இணையவழி சர்வரில்) உள்ள டேலி கணக்கு மென்பொருள் நடுவில் அறுந்துபோகிறது என்பது ஒரு புகார். இரண்டு இணைய லைன்கள் வைத்திருப்போரிடம் மட்டுமே இது நிகழ்கிறது. முன்பெல்லாம் ஃபைபர் விழுந்து இரண்டாவது லைனுக்கு மாறிய இணைப்புகள், ஃபைபர் திரும்பி வந்த பின்னும் அந்த மெதுவான லைனிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கேமராவும் இணையத் தொலைபேசியும் மாலை வரை இழுத்துக்கொண்டிருப்பதாகத் தாங்களே எங்களை அழைத்திருக்கிறீர்கள். முதன்மை லைன் உயிர்பெற்றதும் மாற்று லைனில் உள்ள இணைப்புகளைத் துண்டித்து, அவை முதன்மை லைன் வழியே மீண்டும் தொடங்கும்படி செய்யும் வசதி இப்பதிப்பில் கிடைக்கிறது. அதைத்தான் இயக்கியிருக்கிறோம். டேலித் திரை ஓரிரு நொடி உறைந்து மீண்டும் இணைவது அந்த நேரத்தில்தான். பாதி அடித்த பில் சர்வரில் திறந்தபடியே இருக்கும். கணக்குப் பிரிவுக் கணினிகளுக்கு மட்டும் இந்தத் துண்டிப்பு வேண்டாம் என்போர் ஒரு வரி எழுதினால், அவற்றுக்குத் தனி கேட்வே குழு (எந்த லைன் முதன்மை, எது மாற்று என்று சொல்லும் அமைப்பு) அமைத்து, பழைய இணைப்புகள் தாமாக முடியும்வரை விட்டுவைக்கிறோம்.

இணைப்புகளைக் கண்காணிக்கும் முறையும் மாறியுள்ளது. முன்பு ஓர் இணைப்புக்கு ஒருமுறை அனுமதி கிடைத்தால் அதன் தரவு பெட்டியின் எந்தப் போர்ட் (லைன் வந்து இணையும் வாசல்) வழியாக வந்தாலும் ஃபயர்வால் ஏற்றுக்கொள்ளும். கிளைக்கும் தலைமையகத்துக்கும் இடையிலான விபிஎன் (இணையம் வழியே செல்லும் பாதுகாப்பான தனி இணைப்பு) அறுந்த நேரத்தில் உள்தரவு வேறு வழியாக வெளியேற அது இடம் தந்தது. இப்போது தொடங்கிய போர்ட்டோடு இணைப்பு கட்டப்பட்டுவிடுகிறது. போவது ஒரு வழியும் வருவது வேறு வழியுமாக இருந்த சில யூனிட்டுகளில் மட்டும் இதற்காக, தரவு செல்லும் வழியை வகுக்கும் ரூட்டிங்கைத் திருத்த வேண்டியிருந்தது.

எங்களை உண்மையில் வருத்தியது வேறொரு பேச்சு. "இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டு வருடா வருடம் பணம் வாங்குகிறார்கள்" என்று ஒருவர் எழுத, அது குழுவுக்குக் குழு போய்க்கொண்டிருக்கிறது. பிஎஃப்சென்ஸின் கம்யூனிட்டி பதிப்பு இலவசம்தான். அதை நாங்கள் மறைத்ததே இல்லை, எங்கள் பில்லில் மென்பொருளுக்கென்று ஒரு ரூபாய்கூட இருந்ததும் இல்லை. தாங்கள் தருவது பெட்டிக்கும் உழைப்புக்கும். ஓர் உதாரணம் சொல்ல அனுமதிக்க வேண்டும். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிபிபிஓஇ ஃபைபர் லைன்களில் உள்ளே வரும் தரவு முழுவதையும் பழைய முறை பிராசசரின் ஒரே கோரில் (உள்ளிருக்கும் பல கணிப்புப் பகுதிகளில் ஒன்றில்) தள்ளும். மற்ற கோர்கள் சும்மா இருக்க, பிளானில் உள்ள வேகம் சிறு பெட்டிகளில் முழுதாக வந்து சேராது. இக்குறையை நீக்கும் புதிய டிரைவர் (அந்த லைனை இயக்கும் மென்பொருள் பகுதி) 2.8-இல் உண்டு, ஆனால் பதிப்பை உயர்த்தியதாலேயே அது இயங்கிவிடாது. அமைப்புகளுக்குள் சென்று இயக்கி, லைன் சரியாக ஏறுகிறதா என்று சோதிக்க வேண்டும். தையல் பிரிவு நிற்கக் கூடாதென்று எங்கள் பையன்கள் இரவு ஷிஃப்ட் முடியக் காத்திருந்து, முதலில் கன்ஃபிகரேஷன் பேக்கப் எடுத்து, பிறகு இதைச் செய்தார்கள். பிரிண்டர்களுக்கும் கேமராக்களுக்கும் முகவரி வழங்கும் பழைய டிஎச்சிபி மென்பொருளின் பராமரிப்பை அதை உருவாக்கியவர்கள் 2022-இலேயே நிறுத்திவிட்டதால், அந்த முகவரிப் பட்டியலையும் அதற்கு மாற்றாக வந்த கியா என்ற புதிய மென்பொருளுக்கு மாற்றிச் சரிபார்த்தார்கள். இவற்றில் எதுவும் டவுன்லோடு பொத்தானோடு சேர்ந்து வருவதில்லை. குழுவில் எழுதியவர் எங்களிடமே கேட்டிருந்தால் பெட்டியைத் திறந்தே காட்டியிருப்போம். இப்போதும் காட்டத் தயாராக இருக்கிறோம்.

அந்தப் பேச்சுக்கு நடுவே எங்களுக்காகப் பரிந்து எழுதிய வாடிக்கையாளர்களுக்கும், இரவு வேலைக்கு வந்தவர்களுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்த வாட்ச்மேன் அண்ணன்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. ஊரடங்குக் காலத்தில்கூட எங்கள் பில்லை நிறுத்திவைக்காத நிறுவனங்கள் உங்களில் பல. அதை மறக்க மாட்டோம்.

அடுத்த புதுப்பித்தலிலிருந்து ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தில் சிறு மாற்றம் உண்டு. விவரம் பில்லுடன் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நேரில் வருவதையும் தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறோம்.

கணக்குப் பிரிவுக்குத் தனி அமைப்பு வேண்டுவோர், அந்தக் கணினிகளின் பெயர்ப் பட்டியலை இம்மாத இறுதிக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
உரிமையாளர்
திருப்பூர்