செபுவ விட்டுட்டீங்களே!

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல பிலிப்பைன்ஸ் ஓவியர்கள் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா ஹுவான் லூனா, அமோர்சோலோன்னு மணிலாவோடயே முடிச்சிட்டீங்க. மணிலாவுக்குத் தெக்க செபு தீவுல மார்ட்டினோ அபெல்லானான்னு ஒருத்தர் வாழ்ந்தார் (1914–1988), அவர் பேரு ஒரு வரியிலகூட வரலியேன்னு மனசு கேக்கல, அதான் எழுதறேன்.

நான் டிராயிங் வாத்தியார். பொண்ணு செபுவுல டாக்டருக்குப் படிச்சப்ப அங்க போயிருந்தேன், அபெல்லானா பொறந்த கார்கார் ஊர பாக்காம திரும்பக்கூடாதுன்னு பஸ் ஏறிட்டேன், செபு சிட்டியில இருந்து 40 கிலோமீட்டர் இருக்கும். பஸ் நின்னதும் கூடைய தூக்கிட்டு அம்பாவ் விக்க வந்துட்டாங்க, நம்ம பொரி உருண்டையேதான், என்ன, கட்டி கட்டியா சதுரமா இருக்கு. அங்க பழைய வீட்டு ஜன்னல்ல கண்ணாடிக்குப் பதிலா மெல்லிசா சிப்பி பதிச்சிருக்காங்க, வெயில் அதுல பட்டு பால் கலர்ல உள்ள இறங்குது, அத பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னேன். இந்த ஊர்ல பொறந்தவரு வெளிச்சத்த வரையாம வேற எத வரைவாரு!

மணிலா போய் அமோர்சோலோகிட்டயே படிச்சவர்தான். அதனால 'தெற்கின் அமோர்சோலோ'ன்னு பட்டம். மரியாதையாத்தான் குடுத்தாங்க, ஆனாலும் எனக்கு அது புடிக்கல. 1953ல 'யோபுவும் மனுசன்தான்'னு அர்த்தம் வர்ற தலைப்புல ஒரு படம் வரைஞ்சார், பைபிள்ல எல்லாத்தையும் பறிகொடுத்த அதே யோபு. குரு வரைஞ்ச வெயில் பளிச்சுன்னு அடிக்கற வயக்காடு, சிரிச்ச முகம், அந்த உலகமா இது?

இதவிட பெருசு அபெல்லானா மத்தவங்களுக்கு சொல்லிக்குடுத்தது. 1975ல பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தோட செபு வளாகத்துல ஓவியப் படிப்பு ஆரம்பிச்சதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதுக்கு ரொம்ப முன்னாடியே ரோமுலோ கலிக்கானோங்கற கார்கார் பையன் சின்ன வயசுலயே இவர்கிட்ட கத்துக்கிட்டு பின்னாடி பெரிய ஆளானார், தத்ரூபமான படத்துக்கு மேல நெட்டு நெட்டா கோடு இழுக்கற ஆளு அவரு, குருவ காப்பி அடிக்கவே இல்ல பாருங்க, வாத்தியார் வேலை பாக்கற எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

செபுவுல அபெல்லானாவ 'நொய் தினோங்'னுதான் சொல்வாங்க. நொய்னா அண்ணன், 'மனோய்'ங்கறதோட சுருக்கம்.

அடுத்த இதழ்ல செபுவுக்குன்னு ரெண்டு பக்கம் ஒதுக்குங்க சார், அந்த யோபு படத்த கண்டிப்பா கலர்ல போடுங்க, நான் வெட்டி எடுத்து என் கிளாஸ் போர்டுல ஒட்டணும்.

இப்படிக்கு,
ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்