படகுக்கு சர்ச் லைட் வாங்குகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலத்துக்கு முன் வாங்கி வைக்க வேண்டிய பொருட்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பேட்டரி லைட் பகுதியில், லூமென் என்ற வெளிச்ச அளவு கூடக் கூட நல்லது, படகில் போகிறவர்களுக்கும் அதே கணக்குதான் என்று ஒரு வரி வந்திருந்தது. வீட்டுக்குச் சரி. படகுக்கு அந்தக் கணக்கு ஆகாது. பழவேற்காட்டில் இருபது வருடமாக ஃபைபர் படகு ஓட்டுகிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நானும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மூன்று வருடத்துக்கு முன் ஒரு லைட் வாங்கினேன். தெருவில் அடித்துப் பார்த்தேன், எதிர்வீட்டுச் சுவர் பகல் மாதிரி ஆனது. அன்று ராத்திரியே அதை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். எங்கள் முகத்துவாரத்தில் மணல் திட்டு ஒரே இடத்தில் நிற்காது. போன வாரம் படகு போன வழியில் இந்த வாரம் முழங்கால் ஆழம்தான் இருக்கும். அலை எங்கே உடைகிறது என்று பார்த்துத்தான் நுழைய வேண்டும். மச்சான் நடுப்படகில் நின்று லைட்டைப் போட்டார். வெளிச்சம் நாலு பக்கமும் விரிந்து, வெள்ளை பெயின்ட் அடித்த அணியத்தில், அதாவது படகின் முன்பகுதியில் பட்டு எங்கள் கண்ணிலேயே வந்து விழுந்தது. திட்டும் தெரியவில்லை, நுரையும் தெரியவில்லை. அணைத்த பிறகு அதைவிட மோசம். கண்ணுக்கு முன்னால் பச்சையாக ஒரு வட்டம் மட்டும் மிதந்தது. இன்ஜினை நியூட்ரலில் போட்டுவிட்டு, அலைச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் வழி பிடித்தோம்.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். லைட்டிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சம்தான் லூமென். அது எவ்வளவு குவிந்து ஒரே திசையில் போகிறது என்பதைச் சொல்வது கேண்டெலா. படகுக்குப் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண். நல்ல டார்ச்சுகளின் பெட்டியில் எஃப்எல்1 என்ற தரமுறைப்படி தூரம் போட்டிருப்பார்கள். அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், கிட்டத்தட்டத் தெளிவான பௌர்ணமி நிலா அளவு. கணக்கு சுலபம். கேண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வந்துவிடும். 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர். 40,000 இருந்தால் 400 மீட்டர். அதாவது தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் கேண்டெலா நாலு மடங்கு வேண்டும். பெட்டியில் தூரம் மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, கேண்டெலா எங்கேயும் இல்லையென்றால் நான் அந்த லைட்டைத் தொடுவதில்லை.

400 மீட்டர் என்றால் 400 மீட்டரில் மிதவை தெரியும் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிச்சம் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா, பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கும் வர வேண்டும். நனைந்த கறுப்பு மிதவை ஒன்றையும் திருப்பித் தராது. என் அனுபவத்தில் எழுதியிருக்கும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும். அதற்காக ஊசி மாதிரி மெலிந்த வெளிச்சமும் வேண்டாம். படகு ஆடும்போது அதை ஒரு பொருளின் மேல் நிறுத்திப் பிடிக்க முடியாது. நடுவில் குவிந்து, சுற்றிலும் கொஞ்சம் பரவுகிற மாதிரி இருந்தால் சரி. கடையில் சுவரில் அடித்துக் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இருட்டிய பிறகு கரைக்கு எடுத்துப் போய், தூரம் தெரிந்த ஒரு படகின் மேல் அடித்துப் பார்க்க விடுகிற கடையில் வாங்குங்கள்.

எத்தனை மணி நேரம் எரியும் என்ற எண்ணிலும் ஒரு விஷயம் இருக்கிறது. அதே தரமுறைப்படி, வெளிச்சம் ஆரம்பத்தில் இருந்ததில் பத்து சதவீதமாகக் குறையும் வரை ஓடுகிற நேரத்தைத்தான் அங்கே போடுகிறார்கள். முழு வெளிச்சத்தில் போட்டால் சூடு ஏறி, சில நிமிடத்தில் வெளிச்சம் தானாகவே குறைந்துவிடும். அதனால் எப்போதும் இரண்டு லைட் வைத்திருப்பேன், ஒன்று சார்ஜோடு உறைக்குள்ளேயே இருக்கும்.

ஐபிஎக்ஸ்7 என்று எழுதியிருந்தால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். மிதக்கும் என்று அர்த்தம் இல்லை. முதலில் சொன்ன அந்த லைட் கடைசியில் எப்படிப் போனது தெரியுமா? வலை இழுக்கும்போது முழங்கை பட்டு விழுந்தது. அணையவே இல்லை. எரிந்துகொண்டே இறங்கி, தண்ணீர் முதலில் பச்சையாகவும் அப்புறம் பழுப்பாகவும் தெரிய, கீழே ஒரு புள்ளியாகிப் போனது. நாலு பேரும் வலையை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது வாங்கியிருப்பது மிதக்கிற வகை, ஆனாலும் கயிறு போட்டுக் கையில் மாட்டாமல் எடுப்பதில்லை. கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, சார்ஜ் போடும் ஓட்டையின் ரப்பர் மூடியைத் துடைத்து வைக்கிறேன். உப்பு முதலில் தின்பது அந்த இடத்தைத்தான்.

லைட் போடுகிறவர் அணியத்துக்கு முன்னால் கையை நீட்டி, தாழப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் படகின் மேல் வெளிச்சம் படாது. மார்கழிப் பனியில் இது இன்னும் முக்கியம், கண் உயரத்தில் பிடித்தால் பனியே வெள்ளைச் சுவராக நிற்கும். இரண்டு மூன்று விநாடி அடித்துப் பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், அதை ஒரு நொடியில் கெடுத்துக்கொள்ளலாம். அழுத்திப் பிடித்தால் மட்டும் எரிகிற சுவிட்ச் உள்ள லைட்டை நான் விரும்புவது இதனால்தான்.

எதிரே வரும் படகை ஓட்டுகிற தண்டலின் முகத்தில் அடிப்பது பெரிய தப்பு. 1972ஆம் வருட சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் இதற்கு இடம் இருக்கிறது. ஆபத்து இருக்கும் திசையைக் காட்ட சர்ச் லைட்டைத் திருப்பலாம், ஆனால் வேறு கப்பலுக்கு அது இடைஞ்சலாகக் கூடாது. விட்டுவிட்டு மின்னும் பலமான வெளிச்சத்தையும் தவிர்க்கச் சொல்கிறது அந்த விதி. காட்டுப்பள்ளித் துறைமுகம் பக்கம் கப்பல் வந்தால் சிலர் மின்னல் பட்டனை அழுத்துகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். சர்ச் லைட் கையில் இருக்கிறது என்று படகின் வழக்கமான விளக்குகளைப் போடாமல் போவதும் வேண்டாம்.

கடைசியாக, லைட்டுக்குச் செலவு செய்கிற பணத்தில் கொஞ்சம் எடுத்து ஒளி திருப்பும் டேப் வாங்குங்கள். கப்பல் லைஃப் ஜாக்கெட்டில் ஒட்டுகிற அந்த வெள்ளி டேப்பை எங்கள் ஜாக்கெட்டுகளின் தோளிலும் மிதவைகளிலும் ஒட்டினோம். சாதாரண லைட்டில் அடித்தாலே நட்சத்திரம் மாதிரி பளிச்சென்று திரும்புகிறது. தண்ணீரில் ஒருவர் விழுந்துவிட்டால் தலையைத் தேடுவதைவிட அந்தப் பளிச்சைத் தேடுவது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்தி, விலைப் பட்டியலில் லூமெனுக்குப் பக்கத்தில் கேண்டெலாவும், மிதக்குமா மிதக்காதா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால்தான் எங்கள் ஆட்கள் லைட் வாங்கப் போவார்கள்.

இப்படிக்கு,
ஃபைபர் படகு வைத்திருக்கும் வாசகர்,
பழவேற்காடு