வெளியே ஒரு மொத்தம், உள்ளே ஒரு மொத்தம்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதமும் நிரலும் கிடைத்தன. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவள் பிளஸ் டூ வந்துவிட்டாள்.

பால் சொசைட்டிக் கணக்குக்காக நீயே பைத்தான் என்ற நிரல்மொழியைப் படித்து எழுத உட்கார்ந்துவிட்டாயே, ரொம்ப சந்தோஷம்டா. மதிப்புகளை வைத்திருக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருப்பது இன்னும் அழகு. பைத்தான் 3 தாராளமாக ஏற்கும்.

ஃபங்ஷனுக்கு, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்கு, வெளியே ‘மொத்தம் = 0’ என்று வைத்தாய். உள்ளே ‘மொத்தம் = மொத்தம் + லிட்டர்’. ஓட்டினால் அன்பவுண்ட் லோக்கல் எரர், அதாவது உள்ளே இருக்கும் பெயருக்கு இன்னும் மதிப்பில்லை என்ற பிழை. ‘கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறதே’ என்று கேட்டிருக்கிறாய். ஃபங்ஷனை ஓட்டுவதற்கு முன்பே பைத்தான் அதை முழுக்கப் பார்த்துவிடும். உள்ளே எந்த வரியிலாவது ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்திருந்தால், அந்த ஃபங்ஷன் முழுக்க அது லோக்கல்தான், அதற்குள் மட்டும் செல்லும் தனிப் பெயர். ஆக, சமக்குறிக்கு வலப்பக்கம் நீ கேட்டது இன்னும் மதிப்பே பெறாத உள் மொத்தத்தை. அதற்கு மேல் வரியில் மொத்தத்தைத் திரையில் காட்ட வெறும் பிரிண்ட் போட்டிருந்தாலும் இதே பிழைதான் வரும்.

மதிப்புக் கொடுக்காமல் படிக்க மட்டும் செய்தால், உள்ளே இல்லாத பெயரை வெளியே போய்த் தேடும். வெளியே இருக்கும் ‘பதிவுகள்’ பட்டியலின் கடைசியில் ஒன்றைச் சேர்க்க அப்பெண்ட் செய்தது ஒழுங்காக ஓடியதே, அதற்குக் காரணம் இதுதான். அங்கே பெயருக்குப் புது மதிப்புத் தரவில்லை. ஏற்கெனவே இருக்கும் பட்டியலுக்குள் ஒன்றைச் சேர்த்தாய், அவ்வளவே.

ஃபங்ஷனின் முதல் வரியில் ‘குளோபல் மொத்தம்’ என்று போட்டு, வெளியே இருக்கும் மொத்தத்தையே எடுத்துக்கொள்ளச் சொன்னால் பிழை போய்விடும். ஆனாலும் வேண்டாம். நாளைக்குக் காலைக் கணக்கு, மாலைக் கணக்கு இரண்டும் அதே மாறியைத் தொடும்போது, எங்கே தப்பு நடந்தது என்று நிரல் முழுக்கத் துழாவ வேண்டிவரும். லிட்டரையும் இதுவரை வந்த மொத்தத்தையும் உள்ளே அனுப்பு. புது மொத்தத்தை ரிட்டர்ன் மூலம் வெளியே திருப்பித் தரச் செய்து வாங்கிக்கொள்.

மாப்பிள்ளைப் பையன் ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழி படிக்கிறான் என்றாயே, அவனை இன்னும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல். தவறுகளைக் கண்டிப்பாகப் பார்க்கும் ஸ்ட்ரிக்ட் மோட் இல்லாத இடத்தில், மாறியை அறிவிக்கும் லெட், கான்ஸ்ட் போன்ற சொல் எதுவும் போடாமல் புதுப் பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் சத்தமே இல்லாமல் குளோபல் மாறி உருவாகிவிடும். பைத்தானாவது முகத்துக்கு நேரே பிழை சொல்கிறது. ஸ்ட்ரிக்ட் மோட் 2009லேயே வந்துவிட்டது, முதல் வரியிலேயே அதைப் போடட்டும்.

கொழுப்புச் சதவீதம் பார்த்து விலை போடும் ஃபங்ஷனையும் எழுதி அனுப்பு. அதற்கான விலைப்பட்டியல் வெளியிலேயே இருக்கட்டும். எந்த ஃபங்ஷனும் அதை மாற்றாதவரை தொந்தரவில்லை.

அன்புடன்,
ரவி