கால்வாய்ப் படகுப் பயணம்: லாக்குகளையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் போகிறவர்கள், குடும்பத்தோடு ஒரு வாரம் கால்வாய்ப் படகை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கரையோரப் பப்களில் இறங்கிச் சாப்பிட்டபடி மெல்லப் போய்வரலாம் என்று நினைப்பதுண்டு. அருமையான யோசனைதான். ஓட்டுநர் உரிமம் கூட வேண்டாம். படகைக் கையில் கொடுக்கும்போதே ஓட்டக் கற்றுத் தந்துவிடுவார்கள். ஆனால் வரைபடத்தில் மைலை மட்டும் பார்த்துத் திட்டம் போடுகிறவர்களுக்கு ஏழு நாளும் ஓட்டமாகவே போய்விடுகிறது. அதைப் பற்றித்தான் இக்கடிதம்.

கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும். வேகமாகப் போனால் நீர் இழுக்கிற இழுப்பில், அந்தப் படகுகளைக் கட்டக் கரையில் அடித்த முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஆக உண்மையில் கிடைப்பது மணிக்கு 3 மைல். ஏற்ற இறக்கங்களைக் கடக்க லாக்குகள் இருக்கின்றன. சென்னைப் பக்கிங்காம் கால்வாயிலும் ஒரு காலத்தில் இருந்த அதே லாக்தான்: இரு முனையிலும் கதவு வைத்த நீர்த்தொட்டி. படகை உள்ளே விட்டு, நீரை ஏற்றியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள். ஒரு லாக்கைக் கடக்கச் சுமார் 20 நிமிடம், அதாவது ஒரு மைல் போகிற நேரம். எனவே மைலையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் பயண மணிநேரம் வந்துவிடும். படகுக்காரர்கள் காலங்காலமாகப் போடும் கணக்கு இது.

‘ஃபோர் கவுன்டீஸ் ரிங்’ என்ற புகழ்பெற்ற வட்டப் பாதையையே எடுத்துக்கொள்வோம். சுமார் 110 மைல், 94 லாக். கூட்டினால் 204, வகுத்தால் 68 மணி நேரம். ஒரு வார வாடகையில் முதல் நாள் பிற்பகல்தான் படகு கைக்கு வரும். கடைசி நாள் காலை 9 மணி வாக்கில் திருப்பித் தர வேண்டும். நடுவில் ஆறு முழு நாட்கள். தினமும் பதினோரு மணி நேரத்துக்கு மேல் சுக்கான் பிடிக்க வேண்டியிருக்கும். வாடகைப் படகை இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். அனுபவசாலிகள் ஆறு பேர் சேர்ந்து முடிக்கலாம். முதல் முறை போகும் குடும்பத்துக்கு நாளுக்கு ஐந்து மணி நேரமே சரியான அளவு. மைலும் லாக்கும் சேர்த்துப் பதினைந்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

லாக் குறைவான வழி வேண்டுமென்றால் லாங்கோலன் கால்வாயின் மேற்குப் பகுதி இருக்கிறது. நியூ மார்ட்டனில் உள்ள இரண்டு லாக்குகளுக்கு மேலே, லாங்கோலன் வரை ஒன்றுமே இல்லை. வழியில்தான் பொறியாளர் தாமஸ் டெல்ஃபர்டின் பொன்ட்கசல்தே நீர்ப்பாலம், அதாவது கால்வாயையே பள்ளத்தாக்கின் மேலே தாங்கும் பாலம், வருகிறது. 1805-இல் திறக்கப்பட்டது, 307 மீட்டர் நீளம், 38 மீட்டர் உயரம். இரும்புத் தொட்டியில் ஒரு படகுக்கு மட்டுமே இடம். நடைபாதைப் பக்கம் கம்பிவேலி உண்டு, மறுபக்கம் எதுவும் கிடையாது. அதைக் கடக்கும்வரை குழந்தைகளைப் படகுக்குள்ளேயே உட்கார வையுங்கள். அந்த அழகை ஜன்னல் வழியாகவும் பார்க்கலாம்.

இனி லாக். இதில்தான் உயிராபத்து இருக்கிறது. மேல்கதவின் அடியில், தொட்டிக்குள் நீட்டிக்கொண்டு ஒரு கல்மேடை இருக்கும். அதை ‘சில்’ என்பார்கள். தொட்டி நிரம்பியிருக்கையில் அது கண்ணுக்குத் தெரியாது. படகு இறங்கும்போது பின்பகுதி அதன்மேல் உட்கார்ந்துவிட்டால், நீர் வடிய வடிய முன்பகுதி மட்டும் தாழ்ந்து, சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். சில் எதுவரை நீள்கிறது என்பதைப் பக்கவாட்டில் வெள்ளைக்கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். இறங்கும் நேரம் முழுவதும் படகின் பின்பகுதி அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். சுக்கான் பிடிப்பவரின் கண் அதைவிட்டு அகலக் கூடாது. மாட்டிக்கொண்டதாகத் தெரிந்தால் உடனே கீழ்க்கதவின் மதகுப் பலகைகளை இறக்கி மூடுங்கள். பிறகு மேல் மதகை மெதுவாகத் திறந்து நீரை ஏற்றுங்கள். கயிற்றை முளையில் இறுகக் கட்டிவிட்டு இறங்குவதும் இதே விபத்தில்தான் முடியும்: நீர் இறங்கும், படகு கயிற்றில் தொங்கும். கயிற்றைக் கையில் பிடித்து விட்டுக்கொண்டே வர வேண்டும். ஏறும்போது வேறு சிக்கல். மதகை ஒரேயடியாகத் திறந்தால் நீரோட்டம் படகை முன்னும் பின்னும் மோதவைக்கும். முன்பகுதி கதவின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் சிக்கிக்கொண்டால் மேலே எழ முடியாது. பாதி திறந்து, பார்த்து, பிறகு மீதியைத் திறப்பதே முறை.

மதகைத் திருப்பும் ‘விண்ட்லஸ்’ கைப்பிடியை ஒருபோதும் அச்சில் மாட்டியபடி விட்டு நகராதீர்கள். பற்சக்கரத்தின் தடுப்பு நழுவினால் அது விசிறிபோலச் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடும். லெஸ்டர்ஷயரின் ஃபாக்ஸ்டனில் ஐந்தைந்தாகப் பத்து லாக்குகள் படிக்கட்டுபோல அடுத்தடுத்து நிற்கின்றன. அங்கே முதலில் சிவப்பு மதகு, பிறகுதான் வெள்ளை. மாற்றித் திறந்தால் நீர் வழிந்துவிடும். அங்குள்ள லாக் பணியாளரைப் பார்த்துப் பேசாமல் உள்ளே நுழைய வேண்டாம்.

ஓட்டுவது இரண்டு மணி நேரத்தில் பழகிவிடும். சுக்கான் கட்டையை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். அங்கே சாலைக்கு இடம், கால்வாய்க்கு வலம். பிரேக் கிடையாது, பின்கியர்தான் நிறுத்தும். பின்கியரில் சுக்கான் வேலை செய்யாது. 57 அடிப் படகு பதினைந்து டன்னுக்கு மேல் இருக்கும். கரையில் மோதப் போகிறதென்று காலை நீட்டித் தடுத்தால் கால்தான் போகும். மோதட்டும், படகுக்கு ஒன்றும் ஆகாது. தரைதட்டினால் முன்னால் முடுக்காதீர்கள், இன்னும் ஆழமாகப் புதைந்துகொள்ளும். எல்லோரும் ஆழமான பக்கத்துக்கு வந்து நிற்க, பின்கியர் போட்டுக் கழியால் ஊன்றித் தள்ளினால் வந்துவிடும். படகு திடீரென வலுவிழந்து புகை கக்கினால் நீருக்கடியில் படகை உந்தும் விசிறியில் துணியோ பிளாஸ்டிக்கோ சுற்றியிருக்கலாம். எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்த பிறகே பின்பக்கத் திறப்பின் வழியே கையை விடுங்கள். மூடியைத் திரும்ப இறுக்க மறந்தால் எஞ்சின் ஓடியதுமே நீர் உள்ளே பாயும்.

பப் விஷயத்தில் பலர் ஏமாறுவது நேரத்தில். கடை திறந்திருந்தாலும் சமையலறை திறந்திருக்காது. கிராமத்துப் பப்கள் பலவற்றில் மதியச் சாப்பாடு இரண்டு, இரண்டரை மணியோடு முடிந்து, மாலை ஆறுக்குத்தான் மீண்டும் தொடங்கும். இரவு எட்டரை, ஒன்பதோடு சரி. திங்கட்கிழமை திறக்காத இடங்களும் உண்டு. காலையிலேயே தொலைபேசியில் கேட்டு மேசை சொல்லிவைத்து, அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் புறப்படுங்கள். கிராண்ட் யூனியன் கால்வாயில் ஸ்டோக் புரூர்ன் போன்ற ஊர்களில் பப்பும் கால்வாய் அருங்காட்சியகமும் லாக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், கோடையில் மாலை நான்கு மணிக்கே படகு கட்ட இடம் தீர்ந்துபோகலாம். பல பப்களில் மேசைக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். பாருக்குப் போய் மேசை எண்ணைச் சொல்லி, அங்கேயே பணம் கட்ட வேண்டும். சைவர்களுக்கு ஒன்று: உருளைக்கிழங்கு சிப்ஸை மீன் பொரித்த எண்ணெயிலேயே போடுவதுண்டு. கேட்டுவிட்டு வாங்குங்கள்.

குடிப்பவர்கள் படகைக் கட்டிய பிறகு, அன்றைக்கு இனி அவிழ்ப்பதில்லை என்றான பிறகு குடிக்கட்டும். மதியம் ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி, உள்ளே போன பின் லாக்கின் ஈரக் கதவுமேல் நடப்பது விபரீதம். இரவு திரும்பும் கரைப்பாதையில் விளக்கு இருக்காது. கையில் டார்ச் வேண்டும். இரவு எட்டு முதல் காலை எட்டு வரை மற்றப் படகுகளுக்கு அருகில் எஞ்சினை ஓட்டக் கூடாது என்பதால், போன்களையெல்லாம் பகலிலேயே சார்ஜ் செய்துவிடுங்கள். குளிருகிறதென்று காற்றுத் துவாரங்களைத் துணியால் அடைக்க வேண்டாம். அடைத்தால் அடுப்பின் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளேயே தேங்கிவிடும்.

தண்ணீர்த் தொட்டியைத் தினமும் நிரப்புங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்ப்புக்காகச் சில லாக்குகளை மூடுவார்கள். மழை பொய்த்த கோடையிலும், நீர்த்தேக்கம் வற்றினால் பூட்டுவார்கள். முன்பணம் கட்டும் முன்பும், புறப்படுவதற்கு முந்தைய வாரமும் கால்வாய்களைப் பராமரிக்கும் ‘கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்’ அமைப்பின் இணையதளத்தில் அறிவிப்புகளைப் பாருங்கள். கடைசி இரவு, படகைத் திருப்பித் தரும் இடத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவுக்குள், இடையில் லாக் இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்