டீச்சருக்கு ஒரு கடிதம்: அந்தச் சிலையடியில பஸ்ஸ நிப்பாட்டுங்கோ

அன்புள்ள டீச்சர்,

பத்தாம் ஆண்டுப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் டிரிப்பா முல்லைத்தீவுக்குப் போகப் போறம், புதுக்குடியிருப்பு றோட்டில அரசாங்கம் யுத்த வெற்றிக்கு வச்ச அந்த ஆமிச் சிலையடியில பஸ்ஸ நிப்பாட்டுறதா இல்லாட்டி பாக்காத மாதிரி நேர விடுறதா எண்டு கேட்டிருந்தீங்கள். வாட்ஸ்அப்பில ரெண்டு வரியில சொல்லி முடிக்கிற விஷயம் இல்ல இது, திருகோணமலையில மற்ற டீச்சர்மாருக்கும் இதே யோசனை இருக்கும், அதால எல்லாரும் வாசிக்கட்டும் எண்டு இங்க எழுதுறன். நிப்பாட்டுங்கோ டீச்சர். ஆனா முதல்ல அங்க நிப்பாட்டாதேங்கோ.

நாங்கள் போன ஓகஸ்ட் லீவில குடும்பமா ஒரு வான் பிடிச்சுப் போனனாங்கள். மேப்பில பாத்தா புல்மோட்டைக்கு அங்கால கிட்டத்தான் மாதிரித் தெரியும், ஆனா நாங்கள் ஹொரவப்பொத்தானை, வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான் எண்டு சுத்தித்தான் போனது, அதால விடியமுதல் வெளிக்கிட்டாத்தான் உங்களுக்கும் நேரம் காணும். முல்லைத்தீவு டவுனில இருந்து பரந்தன் றோட்டால ஏறினா முதல்ல வட்டுவாகல் பாலம். அதில பிள்ளையளுக்குக் கட்டாயம் சொல்லுங்கோ, 2009 மே மாசம் சனம் உடுத்த உடுப்போட, காயப்பட்ட ஆக்களைத் தூக்கிக்கொண்டு, ஆமிக் கட்டுப்பாட்டுப் பக்கம் கடந்து வந்த பாலம் அதுதான் எண்டு. இடது பக்கம் நந்திக்கடல். சும்மா பாத்தா அவ்வளவு வடிவான களப்பு. அந்தக் கரையிலதான் கடல்தண்ணியில விளக்கெரியிற வற்றாப்பளை அம்மன், எங்கட ஆக்களும் வைகாசிப் பொங்கலுக்குப் போறவைதானே.

அங்கால முள்ளிவாய்க்கால், யுத்தம் முடிஞ்ச இடம். இங்கதான் முதல்ல இறக்குங்கோ. பெரிசா கட்டிடம் ஒண்டும் இல்ல, மணலும் காத்தும்தான். பிள்ளையள் கேட்டா மறைக்காம எல்லாத்தையும் சொல்லுங்கோ. 2009 ஜனவரில இருந்து மே வரைக்கும் அரசாங்கம் மூண்டு தரம் பாதுகாப்பு வலயம் எண்டு அறிவிச்சது, ஒவ்வொண்டும் முந்தினதை விடச் சின்னது, அதுக்குள்ள ஓடி வாங்கோ எண்டு சொல்லிப்போட்டு அதுக்குள்ளயே ஷெல் விழுந்தது. புலிகளும் வெளியால போக வெளிக்கிட்ட சனத்தை விடேல்ல, சுட்டவை, பிள்ளையளைப் பிடிச்சுக்கொண்டு போய்ச் சண்டை லைனில விட்டவை. இது ரெண்டும் 2011ல வந்த ஐநா நிபுணர் குழு அறிக்கையில இருக்கு. செத்த பொதுசனம் 40,000 வரைக்கும் இருக்கலாம் எண்டும் அதில சொல்லியிருக்கு. மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் அதே வருசம் அரசாங்கத்தின்ர ஆணைக்குழுவுக்கு முன்னால போய், 146,679 பேருக்குக் கணக்கு இல்ல எண்டு சொன்னவர். பிள்ளையள் கொப்பியில ரெண்டு கணக்கையும் எழுதிக்கொள்ளட்டும், ஏன் ரெண்டுக்கும் இடையில இவ்வளவு தூரம் எண்டு அதுகளே கேக்கட்டும்.

பிறகுதான் சிலை. வெட்டி உண்டாக்கின ஒரு குளத்துக்கு நடுவில நிக்குது. பாறையில இருந்து எழும்பி நிக்கிற மாதிரி ஒரு ஆமிக்காரர், ஒரு கையில துவக்கு, மற்றக் கையில சிங்கக்கொடி, துவக்கு நுனியில புறா, சுத்திவர சிங்கங்கள். நாங்கள் போன நேரம் தெற்கில இருந்து ரெண்டு மூண்டு பஸ் வந்து நிண்டது, குடும்பம் குடும்பமா போட்டோ எடுத்துக்கொண்டு நிண்டவை. அவையில எனக்குக் கோபம் வரேல்ல டீச்சர், அந்தப் பஸ்ஸில மகனைக் குடுத்த தாய் ஆரும் இருந்திருக்கலாம். எனக்கு நெஞ்சு அடைச்சது வேற ஒண்டுக்கு.

அந்தச் சிலையை மகிந்த ராஜபக்ச திறந்து வச்சது 2009 டிசம்பரில. யோசிச்சுப் பாருங்கோ, அந்த டிசம்பரில புதுக்குடியிருப்புச் சனம் எங்க? கனபேர் செட்டிக்குளத்தில மெனிக் பாம் முகாமுக்குள்ள கம்பிவேலிக்குப் பின்னால. அந்த முகாம் முழுசா மூடுப்பட்டது 2012 செப்டம்பரில. அதாவது அந்த மண்ணில வீடு வளவு இருந்த ஆக்கள் திரும்பி வரமுதலே, செத்த ஆக்களின்ர பேர்கூட ஒருத்தரும் எழுதமுதலே, சிலை வந்து நிண்டிட்டுது. ஆக்கள் இல்லாத ஊரில வச்ச சிலை அது. ஊர் ஆக்கள் பிறகு தறப்பாளோட வந்து இறங்கேக்க அவையை வரவேற்றது அதுதான். என்ர பத்து வயசு மகள் கேட்டாள், இதில ஏன் அப்பா ஊர் ஆக்கள் ஒருத்தரும் இல்ல எண்டு. உங்கட பிள்ளையளும் கேக்கும், அதுகள் 2009க்குப் பிறகு பிறந்ததுகள், ஆரும் சொல்லாட்டி அதுகளுக்கு அந்தக் குளமும் சிங்கமும் மட்டும்தான் தெரியும்.

சிலையை இடிக்கோணும் எண்டு என்ர தம்பி சொல்லுவான். எனக்கு அது விருப்பமில்ல. யாழ்ப்பாணக் கம்பஸுக்குள்ள இருந்த முள்ளிவாய்க்கால் தூபியை 2021 ஜனவரில இரவோட இரவா இடிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், செத்த புலிகளைப் புதைச்ச துயிலும் இல்லங்களை புல்டோசர் போட்டு உழுததும் எங்களுக்குத் தெரியும், ஒரு தாயின்ர இடத்தில இடிக்கிறது எப்பிடி நோகும் எண்டு எங்களை விட ஆருக்குத் தெரியும். அவையின்ர சிலை நிக்கட்டும். எங்கட செத்த ஆக்களுக்கு விளக்கு வைக்கப் பயமில்லாம விடோணும், அவ்வளவுதான் கேக்கிறம். அரசாங்கம் தானே வச்ச நல்லிணக்க ஆணைக்குழுகூட, சுதந்திர தினத்தில எல்லாப் பக்கத்து இறந்த ஆக்களையும் நினைக்க ஒரு நிகழ்வு வையுங்கோ எண்டு 2011ல எழுதிக் குடுத்தது.

பயம் எண்டு சொல்றது வன்னிக்கு மட்டும் உரிய கதை இல்ல. 2024 மே மாசம் எங்கட மாவட்டத்திலயே, சம்பூரில, முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்ததுக்கு ஒரு கம்பஸ் பிள்ளை உட்பட நாலு பேரைப் பிடிச்சு ரிமாண்டில வச்சவங்கள். அரிசி, தண்ணி, உப்பு. வேற ஒண்டும் இல்ல அந்தக் கஞ்சியில. அந்தச் சனம் கடைசி நாளையில குடிச்சது அதுதான், அதைத்தான் சிரட்டையில ஊத்திக் குடுக்கிறவை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி முடிஞ்சா பிள்ளையளுக்கு ஒரு வாய் குடுங்கோ, பாடப் புத்தகத்தில வராதது அது.

இன்னொண்டு. டிரிப்புக்கு முதல் நாள் பின்னேரம் பிள்ளையளை எங்கட கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, காந்தி சிலையடிக்கு. 2006 ஜனவரி 2ஆம் திகதி அஞ்சு மாணவரைச் சுட்ட இடம். வழக்கில இருந்த ஆக்களை 2019ல விடுதலை பண்ணிட்டுது கோர்ட். இந்தப் பிள்ளையள் அதுக்குப் பக்கத்தில ஐஸ்கிறீம் குடிச்சுக்கொண்டு நிண்டிருக்கும், ஆனா அந்த அஞ்சு பேரைப் பற்றி வீட்டில ஆரும் சொல்லியிருப்பினமோ தெரியாது. அதைக் கேட்டிட்டு முல்லைத்தீவுக்குப் போனா, அது தங்கட கதைதான் எண்டு விளங்கும்.

பெற்றோருக்கு அனுப்புற பர்மிசன் லெட்டரில போற இடம் எல்லாத்தையும் ஒளிக்காம எழுதுங்கோ, முள்ளிவாய்க்கால் எண்டே எழுதுங்கோ. சிலையடியில ஆமி ஆக்கள் நிப்பினம், பிள்ளையள் மரியாதையா கதைக்கட்டும், அவையும் ஆற்றையோ பிள்ளையள்தான். விருப்பமில்லாத பெற்றோரை வற்புறுத்தாதேங்கோ, சில வீட்டில இன்னும் காணாமல் போன ஆளின்ர போட்டோவுக்கு மாலை போடாம வச்சிருக்கினம், அந்தப் பிள்ளையளை டிரிப்புக்கு முதலே தனியாக் கூப்பிட்டுக் கதையுங்கோ. பெற்றோர் கூட்டத்தில ஆரும் எதிர்த்தால் எனக்குச் சொல்லுங்கோ டீச்சர், நானும் மனுசியும் வந்து கதைக்கிறம். வான்காரரின்ர நம்பரும் அனுப்புறன், அவருக்கு அந்த றோட்டு எல்லாம் பாடம்.

அன்போட,
உங்கட பழைய மாணவன்